கோமதியக்காவின் ஐந்தாம் தாள்

உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், இதை யாரிடமும் காட்டிவிடாதே. உன் அப்பாவிடம் வேண்டாம், கூடப் படிப்பவர்களிடம் வேண்டாம், என்னிடமும் வேண்டாம். நீ இன்னும் பிறக்கவில்லை. மகனா மகளா என்றுகூட எனக்குத் தெரியாது, அதனால் வெறும் ‘நீ’ என்றே எழுதுகிறேன். எனக்குப் பதினாறு வயது ஆகிறது, பிளஸ் ஒன் படிக்கிறேன். நாளைக் காலை பத்து மணிக்குள் ஒரு காரியத்தை நான் செய்தாக வேண்டும், இல்லாவிட்டால் காலம் முழுக்கச் செய்யாமல் விட்டவளாக இருக்க வேண்டும். யாரிடமாவது சொன்னால்தான் மூச்சு விட முடியும் போல இருக்கிறது. சொல்லக்கூடியவர்கள் எல்லோரும் இந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் தூங்குகிறார்கள், அவர்களிடம் சொல்ல முடியாது. அதனால் உன்னைப் பிடித்துக்கொண்டேன். நீ இதைப் படிக்கும்போது இப்போது இருக்கும் என்னைவிடப் பெரிய ஆளாக இருப்பாய். நான் நரைத்த தலையோடு உனக்குப் புத்தி சொல்லிக்கொண்டிருப்பேன். இன்றைக்கு என்னிடம் சொல்லும்படியான புத்தி ஒன்றும் இல்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

உன் தாத்தா, அதாவது என் அப்பா, ஜோசியர். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் ஜாதகம் பார்க்கிறார். முன்பெல்லாம் பஞ்சாங்கத்தை விரித்து வைத்து, பென்சிலால் கணக்குப் போட்டு, கட்டம் வரைந்து கொடுப்பார். ஒரு ஜாதகத்துக்கு ஒரு நாள் ஆகும். மூன்று வருடங்களுக்கு முன்னால் கம்ப்யூட்டர் வந்தது. பிறந்த தேதி, நேரம், ஊர் மூன்றையும் அடித்தால் போதும், ஐந்து தாளில் ஜாதகம் வந்துவிடும். அதன் பிறகு ஏரல், கங்கைகொண்டான் என்று பஸ் ஏறி ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். முன்னறைக் கம்ப்யூட்டரில் அம்மா அடித்தாள். கூட்டம் தாங்காமல் போனதும் இரண்டாவதாக ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி, அடுக்களைக்குப் பக்கத்தில் இருக்கும் என்னுடைய அறையில் வைத்தார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நான் அதில் அடிப்பேன். ஆனால் பிரிண்டர் ஒன்றுதான், அது முன்னறையில் இருந்தது. நான் அடித்ததைப் பிளாப்பியில் ஏற்றி முன்னறைக்குக் கொண்டுபோக வேண்டும். அம்மா கையிலிருக்கும் வேலையை நிறுத்திவிட்டு எழுந்து இடம் தர வேண்டும். அப்பா அதைத் திரையில் ஒரு தடவை மேலிருந்து கீழே பார்ப்பார். பிறகுதான் அச்சு. ஒரு நாளைக்கு முப்பது தடவை நடந்திருப்பேன். அந்த நடை எனக்குச் சலிப்பாக இருந்தது. அது இருந்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கங்கைகொண்டானில் ஒரு தொழிற்சாலையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மாமாதான், அம்மாவின் தம்பி, இரண்டையும் ஒயரால் இணைத்துவிட்டார். டி.வி. ஒயர் மாதிரி கறுப்பாக ஒரு ஒயரை என் அறையிலிருந்து அடுக்களை வாசல் மேலாக ஆணி அடித்து முன்னறை வரைக்கும் கொண்டுபோனார். ஒவ்வொரு கம்ப்யூட்டரின் பின்னாலும் மூன்று வாய் உள்ள ஒரு இணைப்பு. ஒயர் வராத வாயில் விரல் நுனி அளவுக்கு ஒரு மூடி. அந்த மூடியை யார் கழற்றினாலும் இரண்டு கம்ப்யூட்டரும் ஒன்றையொன்று மறந்துவிடும் என்றார். ஒயர் போட்டு முடிந்ததும் இரண்டுக்கும் பேர் வைக்கச் சொன்னார்.

“முன்னறையில இருக்கது நெல்லையப்பர், உள்ள இருக்கது காந்திமதி” என்றாள் அம்மா.

“சரிக்கா. பிரிண்டரு நெல்லையப்பர்கிட்ட இருக்கு. காந்திமதி கேட்டா அவரு எடுத்துக் குடுப்பாரு. அவரு முழிச்சிருக்கணும், அவ்வளவுதான்.”

“அதான் என்னைக்கும் உள்ள கஷ்டமாச்சே” என்று அம்மா அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். அப்பா சிரிக்கவில்லை. “ஒயருக்குள்ள கிரகம் எப்படி வே போவும்? பாதி வழியில நின்னுட்டா?” என்று மாமாவிடம் கேட்டார். “நிக்காது அத்தான். பஸ்ஸுதான் நிக்கும்” என்றார் மாமா. நான் என் அறையில் உட்கார்ந்து ஒரு விசையை அழுத்தினேன், முன்னறையில் பிரிண்டர் கீச்சென்று இரைய ஆரம்பித்தது. அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷத்தை உனக்கு எப்படிச் சொல்வது? எழுந்திருக்காமலே அப்பாவின் மேஜையை எட்டிவிட்டேன். முதல் வாரத்தில் அம்மா கூட்டும்போது விளக்குமாறு பட்டு அந்த மூடி கழன்று உருண்டுவிட்டது. அரை நாள் கம்ப்யூட்டர் இரண்டும் பேசவில்லை. கடைசியில் அது அரிசிப்பானைக்குப் பின்னால் கிடைத்தது. “இந்தப் பொட்டு இல்லாட்டா குடும்பமே பேச மாட்டங்கு” என்று அம்மா அதை முந்தானையில் துடைத்து மாட்டினாள்.

ஒரு பிரிண்டரை இரண்டு பேர் வைத்துக்கொள்ளும் வீட்டில் ஒளிக்க இடம் கிடையாது. அதையும் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். ஒரு நாள் மதுரைக்கு மாறிப்போன சிநேகிதிக்கு ஒரு கடிதம் அடித்துவிட்டு, பழக்கத்தில் அச்சுக்கு அனுப்பிவிட்டேன். அது முன்னறையில், வந்திருந்தவர்கள் முன்னால், அப்பாவின் கைக்குப் போனது. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “எங்கம்மா வைக்கிற ரசத்தில் மிளகைத் தேடிக் கண்டுபிடித்தால் பரிசு கொடுக்கலாம்” என்று உரக்கப் படித்தார். வந்திருந்தவர்கள் சிரித்தார்கள். ஒரு வாரம் அம்மா எனக்கு மட்டும் மிளகை அள்ளிப் போட்டு ரசம் வைத்தாள், “ஏளா, பரிசு எங்க?” என்று கேட்டாள். அன்றிலிருந்து அச்சு விசையைத் தொடும் முன் என் விரல் ஒரு நொடி நிற்கும்.

இப்போது ஐந்தாம் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். முதல் தாளில் பேரும் கட்டமும் இருக்கும். மற்ற தாள்களில் பேர் வராது. ஐந்தாம் தாள் தோஷ விவரம். செவ்வாய் தோஷம் உண்டா, இல்லையா என்று அதில்தான் எழுத்தில் வரும். அந்தத் தாளை எங்கள் வீட்டில் யாரும் வாய்விட்டுப் படிக்க மாட்டோம். அது பிறத்தியார் வீட்டுப் பெண்ணின் வாழ்க்கை, நம் வீட்டில் வைத்து அதைச் சொல்லக்கூடாது என்பார் அப்பா. ஐந்தாம் தாளை மட்டும் தனியாகக் கிழித்து, எழுத்து கீழே இருக்கும்படி கவிழ்த்து, நாலு மூலையிலும் மஞ்சள் தொட்டு, ஜன்னல் கட்டையில் காயவைத்து, பிறகு மடித்து மற்ற நாலு தாளுக்குள் செருகிக் கொடுப்போம். வாங்கிப் போகிறவர்கள் தங்கள் வீட்டில் சாமி முன்னால் வைத்துப் பிரித்துப் படித்துக்கொள்வார்கள். ஒயர் போடும் முன் ஒரு நேரத்தில் ஒரு ஜாதகம்தான் அச்சாகும். ஜன்னல் கட்டையில் ஒரு தாள்தான் காயும். இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்.

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கூட்டம். அம்மா கங்கைகொண்டானிலிருந்து வந்தவர்களின் பெண்ணுக்கு அடித்து அச்சுக்குக் கொடுத்தாள். அது முடிவதற்குள் நான் உள்ளேயிருந்து, ஏரலிலிருந்து வந்திருந்த ஒரு அம்மாவின் மகள் கோமதியக்காவின் ஜாதகத்தை அனுப்பிவிட்டேன். இரண்டும் ஒரே நீளத் தாளாக, பத்துப் பக்கம், ஒன்றன்பின் ஒன்றாக வந்து தரையில் மடிந்தன. அம்மாவுக்கு அடுப்பில் வேலை, “ஏளா, நீயே கிழிச்சு மஞ்ச தொட்டுரு” என்றாள். நான் கிழித்தேன். இரண்டு ஐந்தாம் தாள்களையும் கவிழ்த்து, மஞ்சள் தொட்டு, ஜன்னல் கட்டையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். பிறகு மடித்துச் செருகினேன். எந்தத் தாளை எதில் செருகினேன் என்று அப்போது நான் யோசிக்கவே இல்லை. எனக்கு மறுநாள் கெமிஸ்ட்ரி பரீட்சை இருந்தது.

முந்தாநாள் கோமதியக்காவின் அம்மா ஏரலிலிருந்து மறுபடியும் வந்தார்கள். கூடவே கோமதியக்காவும். பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டில் ஐந்தாம் தாளைப் படித்துவிட்டு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். “நாங்க அஞ்சாம் தாளப் பிரிக்காமலே குடுத்துட்டோம். செவ்வா தோசம்னு போட்டுருக்காம் அண்ணாச்சி. சாதகத்தக்கூட இன்னும் திருப்பித் தரல. பையனுக்குப் பிடிச்சுதான் இருந்துச்சு. அவிய வீட்டுல பயப்படுதாவ” என்று அந்த அம்மா முன்னறையில் சொல்வது எனக்குக் கேட்டது. அப்பா மெல்ல, “என்னம்மா செய்ய? நான் எழுதியிருந்தாலாவது மறதியா இருக்கும்னு சொல்லலாம். கம்ப்யூட்டர் பொய் சொல்லாதே” என்றார். அப்போதுதான் அந்த அம்மா இன்னொரு வரனைப் பற்றிச் சொன்னார்கள். ஏரலில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். மனைவி இறந்துவிட்டாள், இரண்டு பிள்ளைகள், வயது நாற்பதை ஒட்டி. அவருக்கும் செவ்வாய் தோஷம் உண்டு, அதனால் பொருந்தும் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்களாம். சனிக்கிழமை பத்து மணிக்கு இரண்டு வீட்டாரும் இங்கே வந்து, அப்பா கையால் நாள் குறித்து வாங்கிக்கொண்டு, பேசி முடித்துவிடப் போகிறார்கள். சனிக்கிழமை என்றால் நாளைக்கு.

பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது கோமதியக்கா தண்ணீர் கேட்டு உள்ளே வந்தாள். என்னைவிட ஆறு வயது மூத்தவள். என் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே சொம்பை அண்ணாந்து குடித்தாள்.

“நீதான் என் சாதகத்த அடிச்சியா? பேரக்கூடத் தப்பில்லாம அடிச்சிருக்க. பள்ளிக்கூடத்துல எல்லாப் பயலும் ‘கோமத்தி’ன்னுதான் எழுதுவானுவ.”

நான் தலையாட்டினேன்.

“ஏளா, இன்னொருக்க அடிச்சா வேற மாதிரி வருமா?”

“எத்தன தடவ அடிச்சாலும் ஒண்ணுதான்க்கா வரும்.”

“சும்மா கேட்டேன்” என்று சிரித்தாள். “ரெண்டு பிள்ளைக்கு அம்மாவாப் போறேன், வலியில்லாம.” சொம்பைக் கழுவிக் கவிழ்த்துவைத்துவிட்டுப் போனாள்.

அவள் முன்னறைக்குத் திரும்பிப் போன பிறகு, ஏன் என்று தெரியவில்லை, அவள் ஜாதகத்தைத் திரையில் திறந்தேன். ஐந்தாம் தாளுக்குப் போனேன். செவ்வாய் தோஷம் இல்லை என்று இருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன், இல்லை என்றுதான் இருந்தது. நேரத்தையும் ஊரையும் சரிபார்த்தேன். பிறகு முன்னறைக் கம்ப்யூட்டரில் அம்மா அடித்த கங்கைகொண்டான் பெண்ணின் ஜாதகத்தை ஒயர் வழியாகவே திறந்து பார்த்தேன். அதில் உண்டு என்று இருந்தது. அந்த வெள்ளிக்கிழமையில் ஜன்னல் கட்டையில் கவிழ்ந்து கிடந்த இரண்டு தாள்களும் அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தன. தோஷம் என்று ஒன்று உண்மையில் உண்டா இல்லையா என்று எனக்குத் தெரியாது, உனக்கு ஒருவேளை தெரிந்திருக்கலாம். தாள் மாறியது மட்டும் எனக்குத் தெரியும்.

அப்பா முதல் தாளின் கட்டத்தை ஒரு நிமிடம் பார்த்தால் கண்டுபிடித்துவிடுவார். பென்சில் காலத்தில் கட்டத்தைப் பார்த்ததுமே சொல்லிவிடுவார். ஆனால் இப்போது அவர் கட்டம் பார்ப்பதில்லை, தாளைத்தான் நம்புகிறார். மாப்பிள்ளை வீட்டாருக்கோ கட்டம் பார்க்கத் தெரியாது, எழுத்தைத்தான் படிப்பார்கள். கம்ப்யூட்டர் எழுதியதை யார் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள்?

நேற்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அம்மா தோசைக்கு மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் கை நிற்கவே இல்லை. எல்லாம் கேட்டுவிட்டு, என்னைப் பார்க்காமலே பேசினாள்.

“அப்பாகிட்ட சொன்னியா?”

“இல்ல.”

“சொல்லாத. வெளிய தெரிஞ்சா எத்தன பேரு தாளத் தூக்கிட்டு வாசல்ல வந்து நிப்பாவ தெரியுமா? எங்கதும் மாறியிருக்குமோ, எங்கதும் மாறியிருக்குமோன்னு. அப்பா பேரு என்னத்துக்கு ஆவும்?”

“கோமதியக்கா?”

“அந்தப் பாத்திரக்கடக்காரரு தங்கமான மனுசன்னு சொல்லுதாவ. சோத்துக்குத் துணிக்குக் குறைவிருக்காது.”

“ரெண்டு பிள்ள இருக்கும்மா.”

“இருக்கட்டும். அதுக என்ன கடிச்சா வைக்கும்? வாயத் தொறந்தியோ பாத்துக்கோ.” குழவியை ஒரு சுற்று சுற்றிவிட்டு, குரல் இறங்கி, “மஞ்ச தொட்டுருன்னு ஒன்ட்ட சொன்னது நான்தான” என்றாள். அம்மா அழுதாளா, மாவுத் தண்ணீர் தெறித்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அவளைக் கெட்டவள் என்று நினைத்துவிடாதே. அவளும் பயந்துபோயிருந்தாள். பயந்தவர்கள் சொல்வது நியாயம் போலவே காதில் விழுகிறது. நேற்று ராத்திரி முழுவதும் அம்மா சொன்னதுதான் சரி என்று எனக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன். பாத்திரக்கடைக்காரர் நல்லவராக இருக்கலாம். கோமதியக்கா சிரிக்கத்தானே செய்தாள். இப்படி ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டு போனேன். ‘வலியில்லாம’ என்று அவள் சொன்ன இடத்துக்கு வந்ததும் அடுக்கியது எல்லாம் சரிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து அடுக்குவேன்.

என்னிடம்கூடக் காட்டாதே என்று மேலே எழுதினேன் அல்லவா? அதை மாற்றிக்கொள்கிறேன். ஒரு நாள் நானும் அடுக்களையில் நின்றுகொண்டு, உன்னைப் பார்க்காமல், வாயைத் திறக்காதே என்று சொல்வேன். அம்மாவே சொல்லும்போது நானும் சொல்லத்தான் செய்வேன். உன் அப்பாவின் பேருக்காகவோ, வீட்டுக்காகவோ, உனக்காகவே என்றோ சொல்வேன். அன்றைக்கு மட்டும் இந்தத் தாள்களை எடுத்து என் முன்னால் வை. ஒன்றும் பேச வேண்டாம். என் கையெழுத்து எனக்குத் தெரியும்.

இன்று சாயங்காலம் அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து, கோமதியக்காவின் ஐந்தாம் தாளை மட்டும் அச்சுக்கு அனுப்பிவிட்டு முன்னறைக்கு ஓடினேன். அந்தப் பிரிண்டர் போடும் சத்தம் இவ்வளவு பெரியது என்று எனக்கு இதுவரை தெரியாது. ஒவ்வொரு வரிக்கும் தெருவே திரும்பிப் பார்ப்பது போல இருந்தது. பாதியில், “யாருக்குளா இந்நேரத்துல அச்சடிக்க?” என்று அம்மா அடுக்களையிலிருந்து கேட்டாள். “ரிப்பன் மங்கலா இருக்கும்மா, சோதிச்சுப் பாக்கேன்” என்று சொன்னேன். தாளைக் கிழித்துப் பாவாடைக்குள் செருகிக்கொண்டு வந்துவிட்டேன். இப்போது அது கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிறது. மஞ்சள் தொடவில்லை. அச்சில் பாழான தாள்களின் முதுகில்தான் உனக்கு எழுதிக்கொண்டிருக்கிறேன், ஓரத்தில் வரிசையாக ஓட்டை இருப்பதைப் பார்த்திருப்பாய். மேஜை விளக்கின் மேல் துண்டைப் போட்டிருக்கிறேன்.

தாள் கைக்கு வந்துவிட்டால் தைரியமும் வந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. எத்தனையோ வழிகளை யோசித்துப் பார்த்தேன். காலையில் யாருக்கும் தெரியாமல் அந்த அம்மாவின் பைக்குள் போட்டுவிடலாமா? அப்போது இரண்டு ஐந்தாம் தாள் இருக்கும், எது உண்மை என்று யார் சொல்வது? அப்பா மேஜையில் பேசாமல் வைத்துவிடலாமா? அவர் எழுத்தைப் பார்க்க மாட்டார், கவிழ்த்து மஞ்சள் தொட்டுவிடுவார். கம்ப்யூட்டர் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லலாமா? அதுதான் எல்லாவற்றிலும் சுலபம். மாமா வந்து சோதித்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்பார், அதற்குள் கோமதியக்காவுக்குத் தாலி ஏறியிருக்கும். கங்கைகொண்டான் வீட்டுக்கும் ஆள் போயாக வேண்டும். அவர்கள் தங்கள் பெண்ணுக்குத் தோஷம் இல்லை என்று நம்பிக்கொண்டு வரன் பார்ப்பார்கள். எந்த வழியில் போனாலும் கடைசியில் ஒரே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறேன். நான்தான் மாற்றிச் செருகினேன் என்று என் வாயால், அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அந்த முகத்தை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது. அடிப்பார் என்றில்லை. அவர் அடித்ததே கிடையாது. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பார். அதற்குப் பிறகு யாரிடமும் எதையும் உறுதியாகச் சொல்ல அவருக்கு வாய் வராமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

உனக்கு நான் சொல்ல முடிந்தது ஒன்றே ஒன்றுதான். நீ தவறு செய்தால், அதைக் கண்டுபிடித்த அதே நிமிடத்தில் எழுந்து போய்ச் சொல்லிவிடு. முந்தாநாள் கோமதியக்கா வாசல் தாண்டும் முன் நான் கூப்பிட்டிருந்தால் அது ஒரு தாள் சமாச்சாரம். நேற்று சொல்லியிருந்தால் கொஞ்சம் பெரிதாகியிருக்கும். இன்றைக்கு அது அம்மாவையும் உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டது. நாளைக்குப் பத்து மணி தாண்டினால் அதைத் தூக்க என்னால் முடியாது. துண்டு மூடிய விளக்கில் வரி சரியாகத் தெரியவில்லை. எழுத்து கோணலாகப் போவதை மன்னித்துக்கொள். விடிந்ததும் சொல்லலாம் என்றுதான் இவ்வளவு நேரமும் நினைத்துக்கொண்டிருந்தேன். விடிந்தால் அம்மா எழுந்துவிடுவாள், என் பக்கத்திலேயே நிற்பாள், அவள் முகத்தைப் பார்த்தால்

கதவைத் தட்டுகிறார்கள். இரண்டு தடவை, மெல்ல. அம்மா என்றால் தட்ட மாட்டாள், பேர் சொல்லிக் கூப்பிடுவாள். அப்பாதான். “என்னம்மா, இன்னும் முழிச்சிருக்க? மேலுக்கு முடியலையா?” என்று கேட்கிறார். கணக்குப் புத்தகத்திலிருந்து தாளை எடுத்து மேஜையில் வைத்துவிட்டேன், எழுத்து மேலே தெரியும்படி. உனக்கு எழுதும் இந்தக் கடிதத்தைத்தான் ஒளித்துவைக்கப்போகிறேன், அந்தத் தாளை அல்ல. தாழ்ப்பாளைத் திறக்கப்போகிறேன்.